ஒரே சோறு, மூன்று பெயர்

(தமிழ் மன்றம் ஒன்றின் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனையில் தேடுவார் உளர். கோயிற் கல்வெட்டில் தேடுவார் உளர். உண்டிச்சாலையில் தேடுவார் மிகச் சிலரே. ஆயின், ஓர் இனத்தார் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிதற்கு அவர்கள் உண்ணுமிடத்தினும் சிறந்த இடம் பிறிதில்லை. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம், யாருக்கு எந்தக் கலத்தில் நீர் தரலாம், யார் வாயிற்படியிலேயே நிற்க வேண்டும் என்பனவற்றைத்தான் இந்நாட்டுக் குலப்பிரிவு முதன்மையாகக் காத்து வந்தது. எனவே, சென்னை போன்ற பெருநகரில் காசு கொடுத்து உண்ணும் கடையில் என்ன நடந்தது, இன்று என்ன நடக்கின்றது என்பது வயிற்றைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. மானத்தைப் பற்றிய செய்தியும் ஆகும்.

சென்னை முழுவதையும் ஒரு பொழுதில் சுற்றிவர இயலாது. ஆதலின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது நன்று. அது திருவல்லிக்கேணி. கடலோரத்தில் ஒருபுறம் பழங்கோயிலும் மறுபுறம் 1795-ஆம் ஆண்டில் எழுந்த வாலாசா பள்ளிவாசலும் கொண்ட ஊர் அது. ஊரூரிலிருந்து வேலை தேடியும் படிப்புத் தேடியும் வந்த இளைஞர்கள் சிற்றறைகளில் தங்கிக் கடைச்சோறு உண்டு வாழும் இடம் அது. தமிழன் வெளியில் உண்ட வரலாற்றின் பெரும்பகுதி அவ்வூரின் தெருக்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

பண்டை அங்காடி

விலைக்கு உணவு விற்றல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுமிடத்தில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் வரிசையில் நிறுத்துகின்றது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரில் பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும், அங்கே விற்ற அடையையும் மோதகத்தையும் சொல்கின்றது. அப்பமும் அடையும் பிட்டும் இன்றும் அதே பெயரோடு தமிழன் தட்டில் விழுகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கால நகரங்களும் அரசுகளும் மறைந்தன, அடை மறையவில்லை.

ஆயினும், சிற்றுண்டியை விற்ற அந்நாளில் சோற்றை விற்றதாகச் செய்தி அரிது. சோறு கொடைப்பொருளாய் இருந்தது. பட்டினப்பாலை காட்டும் அட்டில்சாலையில் சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் ஓடித் தெருவைச் சேறாக்கிற்றாம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னை நாடிவந்த பொருநனுக்கு ஊனும் சோறும் நாள்தோறும் ஊட்ட, ஊன் தின்று தின்று அவன் பல்லே மழுங்கிப் போயிற்று. மணிமேகலை கையில் ஏந்திய அமுதசுரபி, பசித்தவர் யாவர் என்று பார்த்ததேயன்றி அவர் எக்குடியினர் என்று கேட்டதில்லை. வள்ளுவரும் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

இத்தகைய நாட்டில், பிற்காலத்துச் சத்திரங்களில் குலம் கேட்டு இலை போடும் வழக்கம் புகுந்தது. அறச்சோறு கூட ஆளுக்கேற்ற இடத்தில் விழுந்தது. ஒருவனுக்குக் கூடத்தில், ஒருவனுக்குத் திண்ணையில், ஒருவனுக்குத் தெருவில். பசி ஒன்று; பந்தி மூன்று. இதுதான் சென்னை நகர் வளரத் தொடங்கிய காலத்தில் தமிழன் தலைமேல் இருந்த சுமை.

பந்தியும் பலகையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு இருந்த முதல் இடர், பாடம் அன்று, சோறு. தங்க இடமும் உண்ண இடமும் இன்றிப் படிப்பையே கைவிட்டு ஊர் திரும்பியவர் பலர். இக்குறையை நீக்கவே மருத்துவர் சி. நடேசனார் 1916-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை நிறுவினார். ஓர் அரசியல் இயக்கத்தின் வேர்களுள் ஒன்று, உண்ண இடமில்லாத மாணவனின் பசியில் ஊன்றியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் நினைவில் கொள்ளல் வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1925-ஆம் ஆண்டளவில், சேரன்மாதேவிக் குருகுலத்துச் செய்தி நாட்டையே கலக்கிற்று. பொதுப்பணத்தால் நடந்த அவ்விடத்தில் பார்ப்பனச் சிறுவர்க்கு மட்டும் தனிப்பந்தி இருந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.இராமசாமியும் அதனை எதிர்த்து நின்றனர். சிறுவர் சிலர் எங்கே அமர்ந்து உண்பது என்னும் கேள்வி, ஒரு பெருங்கட்சியின் போக்கையே மாற்றும் ஆற்றல் பெற்றது.

தொடர்வண்டி நிலையங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. ஒரே வண்டியில் ஒரே விலைச் சீட்டோடு வந்து இறங்கியவர்கள், நிலையத்து உண்டிச்சாலை வாயிலில் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு கதவின்மேல் 'பிராமணாள்'. மறு கதவின்மேல் 'இதராள்'. இதராள் என்றால் மற்றவர். தன் நாட்டில், தன் காசில் உண்ண வந்தவனுக்குப் பெயர் மற்றவன்! இப்பிரிவினை எதிர்ப்பின் விளைவாக 1941-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் எவரையும் குலம் காட்டித் தடுத்தலாகாது என்றது. பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனை மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கும் சட்டம் 1955-இல் வந்தது; 1976-இல் அது திருத்தப்பெற்றுக் குடியியல் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிற்று.

சட்டம் வந்துவிட்டது. கதவு திறந்துவிட்டது. ஆயின், பலகை இருந்தது. சென்னையிலும் பிற ஊர்களிலும் உணவகப் பலகைகளில் 'பிராமணாள்' என்னும் சொல் தொடர்ந்து நின்றது. உள்ளே யாவரும் வரலாமாம். சொல் மட்டும் வெளியே நிற்குமாம்! அச்சொல்லை அழிக்குமாறு திராவிடர் கழகம் கேட்டது. பல உணவகத்தார் தாமே அழித்தனர். திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகம் மறுத்தது. 1957-ஆம் ஆண்டு மே திங்களில் பெரியார் அதன் முன் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர் சென்றனர்; நாள்தோறும் சிறை புகுந்தனர். பல திங்கள் இது நீண்டது. நூற்றுக்கணக்கானோர் தளைப்பட்டனர். இறுதியில் அச்சொல் பலகையிலிருந்து இறங்கிற்று.

ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் சிறை சென்றனர் என்று வியப்பவர் இன்றும் உளர். ஆம், ஒரு சொல்லுக்காகத்தான். அந்தக் கிளர்ச்சி அடுப்படியில் வியர்வை சிந்தியவன் மீது கொண்ட பகை அன்று. கல்லாவில் அமர்ந்தவன் பிறப்பின் மீது கொண்ட பகையும் அன்று. ஒரு பிறப்பு மேல் என்று ஒரு சொல் அறிவிக்குமானால், அதன் கீழே நுழையும் ஒவ்வொருவனையும் அது கீழ் என்று சொல்கின்றது. நுழைகின்றவன் தலைகுனிந்தே நுழைகின்றான். அக்குனிவை நிமிர்த்தவே அச்சொல்லை இறக்க வேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் அதே சொல் மீண்டும் தலைகாட்டியபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்ததும் இக்கரணியம் பற்றியே.

காசு திறந்த கதவு

போராட்டம் ஒருபுறம் சுவரை இடித்தது. மறுபுறம் நகர வாழ்வும் வணிகமும் அதன் அடியை அரித்தன. இதனையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும்.

துளுநாட்டு உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோர் சென்னையில் சிற்றுண்டிக் கடைகளை நிறைய நிறுவினர். அவர்களுள் பலர் சிறுவயதில் பிறர் அடுக்களையில் கலம் கழுவி உயர்ந்தவர். அத்தகையோருள் ஒருவரான கிருட்டினராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்சு உணவகத்தைத் தொடங்கினார். வடநாட்டுக் குடும்பம் ஒன்று 1948-இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய இரத்னா கபே, இட்டலி மூழ்கும்படி சாம்பாரைக் குவளை குவளையாய் ஊற்றியே பெயர் பெற்றது. 1951-இல் அண்ணா சாலையில் புகாரி உணவகம் எழுந்தது. அக்கடையின் முதல்வர் கொழும்பில் தொழில் பழகியவர். பிரியாணிக்கும், 1965-இல் தோன்றியதாக அவர்கள் சொல்லும் கோழி வறுவலுக்கும் அது புகழ்பெற்றது. துளுவர் சமைத்ததையும், வடவர் சமைத்ததையும், இசுலாமியத் தமிழர் சமைத்ததையும் சென்னைத் தமிழன் ஒரே நாவால் சுவைத்தான்.

கடைக்காரனுக்கு வேண்டியது காசு. காசுக்குக் குலமில்லை. நண்பகலில் நூறு பேர் இடத்துக்குக் காத்து நிற்கையில், முன்பின் அறியாத நால்வர் ஒரே மேசையில் அமர்ந்தே தீர வேண்டும். எதிரே இருப்பவன் யார் மகன் என்று கேட்க நேரமில்லை. கேட்டாலும் விடை சொல்ல அவனுக்குக் கடமையில்லை. ஒரே அண்டாவில் வெந்த சோறு நால்வர் இலையிலும் விழுகின்றது. ஒருவன் குடித்துக் கழுவிய குவளையில் மற்றவன் குடிக்கின்றான்.

ஊர்ப்புறத்துத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வழக்கத்தைக் கண்டவனுக்கு இதன் அருமை தெரியும். கடைக்கு வெளியே குத்துக்காலிட்டு அமர்ந்து, தனக்கென்று ஒதுக்கிய குவளையிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ தேநீர் வாங்கிக் குடித்து, தானே கழுவி வைத்துவிட்டு வந்தவனின் மகன், திருவல்லிக்கேணியில் நாற்காலியில் அமர்ந்து, "ஒரு தோசை, ஒரு காப்பி" என்று நிமிர்ந்து சொல்கின்றான். அவன் வாழ்வில் அந்த நாற்காலி ஒரு சிறிய பொருள் அன்று. பல நூல்கள் கற்பித்தும் வராத சமன்மையை ஒரு மரநாற்காலி அவனுக்குக் கற்பித்தது.

இவ்வாறு போராட்டமும் வணிகமும் சேர்ந்து பிறப்புச் சுவரை நகரில் பெரிதும் வீழ்த்தின. ஆயின், சுவர் வீழ்ந்த இடத்தில் வேறொன்று எழுந்திருக்கின்றது. அது செங்கல்லால் ஆனதன்று, சொல்லால் ஆனது.

மூன்று பெயர்

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். சென்னையில் உண்டவர் எவர்க்கும் இது புதிதன்று.

ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருக்கின்றார் உழவர் ஒருவர். மகன் நகரில் நல்ல வேலையில் இருக்கின்றான். நண்பகலில் தந்தையை உணவகத்துக்கு அழைத்துச் செல்கின்றான். இலை விழுகின்றது. குழம்புக்கு உண்டு முடித்த பெரியவர், பரிமாறும் இளைஞனைப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடப்பா" என்கின்றார். மகனின் முகம் மாறுகின்றது. அக்கம்பக்கம் பார்க்கின்றான். "அப்பா, இங்கெல்லாம் ரைஸ்னு கேக்கணும்" என்று தாழ்ந்த குரலில் சொல்கின்றான். பெரியவர் வாய் மூடிக்கொள்கின்றார்.

பரிமாறுபவனோ ஒடியா நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். தமிழ் பழகி ஓராண்டு ஆகவில்லை. அடுக்களையில் சமையற்காரர் சொல்லக் கேட்டுத் தமிழ் கற்றவன். வாளியோடு திரும்பி வந்து, "சோறு வைக்கவா, ஐயா?" என்று கேட்கின்றான். அவனுக்கு அச்சொல் இழிந்தது என்று எவரும் கற்பிக்கவில்லை. பெரியவர் மகனை ஒருமுறை பார்க்கின்றார். "போதும் தம்பி" என்று இலையை மடித்து எழுந்துவிடுகின்றார்.

நெல்லை விளைத்தவர் அவர். விளைந்ததற்குப் பெயர் சொல்ல அவருக்கு அங்கே உரிமையில்லை. 1957-இல் பலகையில் நின்ற சொல் ஒருவனைக் குனிய வைத்தது. இன்று அவர் வாயிலிருந்து வந்த சொல்லே அவரைக் குனிய வைக்கின்றது. முன்னதை வைத்தவர் கடைக்காரர். பின்னதை வைத்தவர் யார்? பெற்ற மகன்.

இந்த ஒரே சோற்றுக்குத் தமிழ்நாட்டில் மூன்று பெயர் வழங்குகின்றன. ஏழை வீட்டில் அது சோறு. சற்று உயர்ந்தவர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் வீட்டில் அது சாதம். குளிரூட்டிய அறையில் அது ரைஸ். அரிசி ஒன்று, நீர் ஒன்று, நெருப்பு ஒன்று, வேகும் நேரமும் ஒன்று. பெயர் மட்டும் படிப்படியாக ஏறுகின்றது. ஏறும்போதெல்லாம் விலையும் ஏறுகின்றது. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றியது பிறப்புப் பெருமை. அது வடசொல்லைத் துணைக்கொண்டது. இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏற்றியது பணப்பெருமை. அது ஆங்கிலத்தைத் துணைக்கொண்டது. அன்று கூடம், திண்ணை, தெரு என்று மூன்று பந்தி இருந்ததே, அதே மூன்று பந்தி இன்று ஒரே சோற்றின் மூன்று பெயர்களில் ஒளிந்து நிற்கின்றது.

அரிசி என்னும் தமிழ்ச்சொல்லே கடல் கடந்து கிரேக்கத்துக்கும் அதன்வழி ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்று திரிந்தது என்பது பாவாணர் முதலிய சொல்லாய்வறிஞர் கொள்கை. அக்கொள்கைப்படி பார்த்தால், தன் வீட்டுப் பிள்ளை அயல்நாட்டு உடை உடுத்தித் திரும்பி வந்ததும், வீட்டிலேயே இருந்த பிள்ளையைத் திண்ணைக்குத் துரத்திய கதையாக இது முடிந்திருக்கின்றது.

சோற்றுக்கு நேர்ந்தது மற்றவற்றுக்கும் நேர்ந்துள்ளது. உணவகத்து வாயிலில் 'மீல்ஸ் ரெடி' என்று தமிழ் எழுத்திலேயே எழுதித் தொங்கவிடுகின்றனர். எழுத்துத் தமிழ், சொல் ஆங்கிலம். 'சாப்பாடு அணியம்' என்றோ 'சாப்பாடு உண்டு' என்றோ எழுதினால் பசித்தவன் திரும்பிப் போய்விடுவானா? வெயிற்காலத்தில் சென்னைத் தெருவோரத்தில் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் விற்கின்றார் ஒரு பெண்மணி. வெங்காயமும் மோர்மிளகாயும் உடன் தருகின்றார். சில உருபாவில் ஒருவன் பசி ஆறுகின்றது. அதே கேழ்வரகு, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுகூல ஆண்டாக அறிவித்ததற்குப் பின், 'மில்லட்' என்னும் பெயரில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே புகுந்தது. கூழ் என்றால் ஏழைமை. மில்லட் என்றால் நலவாழ்வு! பெயர் மாறியதும் கலம் மாறிற்று. கலம் மாறியதும் விலை மாறிற்று. தள்ளுவண்டிப் பெண்மணிக்கு அவ்விலையில் பங்கில்லை.

இன்னொன்றையும் எண்ணுங்கள். பல உணவகங்களின் பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று காணப்படுகின்றது. உயர்தரம் என்பது தூய்மையைக் குறிக்குமானால் நன்று. அது எல்லா உணவகத்துக்கும் வேண்டியதே. ஆயின் ஊன் சமைக்கும் கடையில் அச்சொல்லைக் காண்பது அரிது. அப்படியானால் இந்த உயர்வு எதனினும் உயர்வு? தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஊன் உண்பவர். கரிகாலன் அவையிலும் உண்டனர். சைவ உணவு உண்பது அவரவர் விருப்பம். அதனை மதித்தல் கடன். ஆனால் ஒருவர் உண்பது உயர்ந்தது, மற்றவர் உண்பது தாழ்ந்தது என்று பலகையில் அறிவிப்பது, 1957-இல் இறக்கிய சொல்லின் நிழலை மீண்டும் ஏற்றுவதே ஆகும்.

வந்த பெயரும் மறைத்த பெயரும்

அவ்வாறாயின் அயற்பெயர் கொண்ட உணவெல்லாம் விலக்கத் தக்கதோ என்று வினவலாம். அன்று. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஒரு பொருளோடு வந்த பெயர் வேறு. இருந்த பெயரை மறைக்க வந்த பெயர் வேறு.

திருவல்லிக்கேணிக்கு வடக்கே, கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி, மாலை வேளையில் அத்தோ என்னும் உணவை விற்கின்றனர். அது பர்மியர் உணவு. பர்மாவில் 1962-இல் படையாட்சி ஏற்பட்டு, 1964-இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபின், தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்து வாழ்ந்த தமிழர் வெறுங்கையோடு கப்பலேறினர். பொன்னும் பொருளும் கொண்டுவர இயலவில்லை. கைப்பக்குவத்தை எவரும் பறிக்க இயலவில்லை. அக்கைப்பக்குவமே அத்தோவும் மோய்ங்காவும் ஆகி அவர்களுக்குச் சோறு போட்டது. அவர்களுக்கென்று எழுந்த கடைத்தெரு பர்மா பசார் என்றே பெயர் பெற்றது. அத்தோ என்னும் பெயரில் ஒரு கூட்டத்தின் கண்ணீரும் உழைப்பும் கலந்துள்ளன. அப்பெயரை அழித்தல் அறமாகாது. பிரியாணியும் அவ்வாறே, பொருளும் பெயரும் கைகோத்து வந்தன. வந்த விருந்தினரை வந்த பெயரால் அழைப்பதே பண்பு.

ஆனால் சோறு விருந்தாளி அன்று, வீட்டுக்காரன். மோர் விருந்தாளி அன்று. தண்ணீர் விருந்தாளி அன்று. வீட்டுக்காரன் பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால், அதற்கு விருந்தோம்பல் என்று பெயரில்லை. வீட்டைப் பறிகொடுத்தல் என்று பெயர்.

இனிப்புக் கடைக்குச் சென்று பார்த்தால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். பால்கோவா திருவில்லிபுத்தூருக்குப் புகழ் சேர்த்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தமும் அவ்வாண்டே பெற்றது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் பெற்றன. இக்குறியீட்டின் பொருள் யாது? ஒரு பண்டத்தின் பெயர், அதனை வழிவழியாகச் செய்யும் மக்களின் உடைமை என்று சட்டமே ஏற்கின்றது. கோவில்பட்டி என்னும் பெயரைப் பிற ஊரான் தன் மிட்டாய்க்குச் சூட்டினால் அது குற்றம். ஓர் ஊரின் பெயருக்கு இத்தகைய காவல் உண்டு என்றால், ஓர் இனத்தின் சொல்லுக்குக் காவல் யார்? அவ்வினத்தின் நாவே காவல்.

சென்னையின் பெரிய இனிப்பகங்களில் கண்ணாடிப் பேழைகள் ஒளிவிடுகின்றன. அங்கே பேடாவும் பர்பியும் வெள்ளித்தாள் போர்த்து முன்வரிசையில் வீற்றிருக்கின்றன. அதிரசமும் எள்ளுருண்டையும் பொரிவிளங்காயும் கடைக்கோடியில், பெயர்ச்சீட்டும் இன்றி, கூச்சத்தோடு அமர்ந்திருக்கின்றன. பேடா சுவையற்றது என்பது அன்று பேச்சு. எள்ளுருண்டைக்கு ஏன் அந்தக் கூச்சம் என்பதே பேச்சு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அன்பளிப்புப் பெட்டி வாங்குவோர், அதில் எள்ளுருண்டை இருந்தால் தம் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நீங்கினால் கடைக்காரர் நாளையே வரிசையை மாற்றி வைப்பார். வணிகர் வாங்குவோர் முகம் பார்ப்பவர்.

செய்யத் தக்கவை

குறை கூறுதல் எளிது. வழி சொல்லுதல் அரிது. நான்கு வழிகள் உள.

முதலாவது, பலகை. கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகை தமிழில் அமைதல் வேண்டும் என்றும், பிறமொழிகளும் இடம்பெறுமாயின் தமிழுக்கு ஐந்து பங்கும் ஆங்கிலத்துக்கு மூன்று பங்கும் பிறமொழிக்கு இரண்டு பங்கும் இடம் தருதல் வேண்டும் என்றும் தமிழக அரசின் விதி உள்ளது. விதி ஏட்டில் உள்ளது. பலகையில் எந்த அளவு உள்ளது என்பதைத் தெருவில் நடப்போர் அறிவர். மேலும் அவ்விதி வாயிலோடு நின்றுவிடுகின்றது. உள்ளே கையில் தரும் உணவுப்பட்டியலை எட்டுவதில்லை. பட்டியலும் தமிழில் வேண்டும் என்று கேட்பது உண்பவர் உரிமை.

கத்தீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை, வண்டியில் அமர்ந்தபடியே உண்ணும் உட்லண்ட்சு உணவகம் ஒன்று இருந்தது. எழுத்தாளரும் மாணவரும் கூடிப் பேசிய இடம் அது. இன்று அவ்விடத்தில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா நிற்கின்றது. உணவகம் இருந்த இடத்துக்குச் செம்மொழியின் பெயர் வந்துவிட்டது. உணவகங்களுக்குள் செம்மொழி எப்போது வரும் என்பதே எஞ்சிய கேள்வி.

இரண்டாவது, அரசு. 2013-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம், இட்டலியை ஓர் உருபாவுக்குத் தந்து எண்ணற்ற உழைப்பாளர் பசியை ஆற்றிற்று. மகளிர் குழுவினர் சமைக்க, சுமை தூக்குவோரும் மாணவரும் முதியோரும் ஒரே வரிசையில் நின்று வாங்கி, ஒன்றாக நின்று உண்டனர். நடேசனாரின் கனவில் ஒரு பகுதி அங்கே நிறைவேறிற்று என்னலாம். ஆயின் அங்கும் பலகையில் எழுதப்பட்டவை சாம்பார் சாதமும் தயிர் சாதமுமே. ஏழைக்காக அரசு திறந்த கடையில், ஏழையின் சொல்லான சோறு என்பதை எழுத யாருக்குத் தயக்கம்? தயிர்ச்சோறு என்று எழுதியிருந்தால், நாடு முழுவதும் அச்சொல்லின் கூச்சம் ஒரே நாளில் நீங்கியிருக்கும்.

மூன்றாவது, பரிமாறுபவர். இன்று சென்னை உணவகங்களில் உழைப்போருள் பலர் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இளைஞர். அவர்களால் தமிழ் கெடுகின்றது என்று சிலர் சினக்கின்றனர். அச்சினம் முறையன்று. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலையாவுக்கும் பிழைக்கச் சென்ற இனம் தமிழினம். அயலூரில் பிறர் கலம் கழுவுவது எத்தகையது என்பதை அது அறியும். அவ்விளைஞன் தமிழ் கற்கவே விரும்புகின்றான். கற்றால் அவன் வேலை எளிதாகின்றது. "தண்ணீர் கொடு தம்பி" என்றால் தண்ணீர் என்று கற்கின்றான். "வாட்டர்" என்றால் அதனையே தமிழ் என்று எண்ணிக் கற்கின்றான். அவனுக்கு ஆசிரியர் அங்கே உண்ண வருவோரே. அவனைத் 'டேய்' என்று அழைக்காமல் 'தம்பி' என்று அழைப்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதி. பந்தியில் சமன்மை கேட்டுப் போராடிய இனம், பந்தி பரிமாறுவோனுக்கு அதனை மறுத்தல் ஆகாது.

நான்காவது, நா. இதுவே தலையாயது. முன்னைய மூன்றுக்கும் பிறர் துணை வேண்டும், இதற்கு எவர் துணையும் வேண்டியதில்லை, சட்டம் வேண்டியதில்லை, மறியல் வேண்டியதில்லை, சிறை வேண்டியதில்லை. காப்பியைக் குளம்பி என்று சொல்ல நாக் கூசினால் அதனைப் பிறகு பார்க்கலாம். சோற்றைச் சோறு என்று சொல்வதில் என்ன தடை? குரலைத் தாழ்த்தாமல், அக்கம்பக்கம் பாராமல், "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்டால் அது புதுமை. ஒரு மேசையில் நால்வர் கேட்டால் அது பழக்கம். ஒரு தெருவில் நூற்றுவர் கேட்டால் அது நாட்டு வழக்கம். நாட்டு வழக்கமானதை எந்தக் கடையும் பலகையில் எழுதியே தீரும்.

பெருமக்களே! 1916-இல் திருவல்லிக்கேணியில் ஒரு மாணவனுக்கு உண்ண இடமில்லை. 1957-இல் அதே திருவல்லிக்கேணியில் இடம் இருந்தது, மதிப்பு இல்லை. இன்று இடமும் உண்டு; மதிப்பும் உண்டு; சொல் மட்டும் இல்லை. முதல் இரண்டையும் மீட்டுத் தந்தவர்கள் பட்டினி கிடந்தனர், சிறையில் கிடந்தனர். மூன்றாவதை மீட்பதற்கு வேண்டியது வாய் திறத்தல் ஒன்றே.

அடுத்த முறை ஊரிலிருந்து தந்தையோ தாயோ வந்தால், நகரின் நல்ல உணவகத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். நடுக்கூடத்தில் அமர்த்துங்கள். அவர் வாய் திறக்குமுன் நீங்களே உரக்கக் கேளுங்கள்: "எங்கள் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு!" அவர் அன்று வயிறார உண்டு எழுவார்.

வாழ்க தமிழ்! வளர்க சமன்மை!